இருபது டர்ன் மருந்து கெட்டித்தவன்: ஆட்ட விதியில் நிஜம் எவ்வளவு வேண்டும்?

கோட்டைமேட்டான் | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் ரோல்பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடுவது) ஆடுகிறோம். ஒன்றரை வருஷமாக டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்புதான். டிராகனும் பாதாளக் குகையும் போதும், நம்ம ஊர்க் கதை ஒன்றை ஆடிப் பார்க்கலாம் என்று போன மாதம் 1806 ஜூலை 10-ஐ, அதாவது வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை எடுத்தேன். வேலூர்க் கோட்டை, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. நான்கு பேரும் சிப்பாய்கள். தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவுகளில் இருந்து கதையை ஆரம்பித்தோம். முதல் செஷன் முழுக்கப் பேச்சுதான், அருமையாகப் போனது. சண்டை வந்ததும்தான் தடுமாறினோம்.

டி அண்ட் டி விதியில் மஸ்கட்டை (அந்தக் காலத்து நீளத் துப்பாக்கி) வைத்து ஆட எனக்கு மனசு வரவில்லை. அதனால் கர்ப்ஸ் என்ற இன்னோர் ஆட்டம் மாதிரி ஒரு டர்ன் என்றால் ஒரு செகண்ட் என்று வைத்துக்கொண்டேன். நன்றாகப் பழகின சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். அதாவது ஒரு முறை சுட்டபின் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கிழித்து, வெடிமருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, மறுபடி தோளில் ஏற்ற இருபது செகண்ட். கணக்கு சரி. ஆனால் மேஜையில் நடந்தது இது: எங்கள் ஆட்களில் ஒருவர் முதல் டர்னிலேயே சுட்டுவிட்டார். அப்புறம் அவர் முறை வரும்போதெல்லாம் "கெட்டிக்கிறேன்" என்றார். அடுத்த சுற்றிலும் "கெட்டிக்கிறேன்". பதினொன்றாவது சுற்றில் போனைக் கையில் எடுத்தார். இரண்டரை மணி நேரம் ஆடினோம். கதைக்குள் நாற்பது செகண்ட் கூட ஓடவில்லை.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு ஆறுமுக டைஸ் மட்டும் வைத்தேன். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும், ஏழிலிருந்து ஒன்பது வரை என்றால் நடக்கும் ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் வம்பு. ஆட்டம் பறந்தது. ஆனால் ஒருத்தர் கூடத் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பயப்படவில்லை. இன்றைய சினிமாவில் சுடுவது போல ஓடிக்கொண்டே சுட்டார்கள். 1806-ம் போயிற்று, வேலூரும் போயிற்று.

இரண்டுமே எனக்குத் திருப்தி இல்லை. விவரமாக விதி எழுதினால் ஆட்டம் செத்துப்போகிறது, சுருக்கமாக எழுதினால் இடம் செத்துப்போகிறது. இதில் பழக்கமுள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?


தாயக்கட்டை | திங்கள், காலை 7.15

அண்ணா, காட்பாடிக்காரன் நான், இப்போது வேலை சென்னையில். முதல் வாரம் தோற்றதற்குக் காரணம் விவரம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி பொய் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

டைஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது முக டைஸில் 1 விழவும் 20 விழவும் 11 விழவும் ஒரே வாய்ப்பு, ஐந்து சதவீதம். பத்து வருஷம் கவாத்துப் பண்ணின ஹவில்தார் இருபதில் ஒரு முறை படுகேவலமாகத் தப்பு செய்கிறார் என்று அந்த டைஸ் சொல்கிறது. கர்ப்ஸ் மூன்று ஆறுமுக டைஸ் போடச் சொல்கிறது. அதில் மூன்றும் 1 ஆக விழ 216-ல் ஒரு வாய்ப்புதான், 10 விழ 216-ல் 27. நடுவில் குவியும், ஓரத்தில் அரிதாகும். மனுஷன் வேலை செய்யும் விதம் இதுதான். கை பழகினவன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்வான்.

நம் தாயக்கட்டையும் அப்படித்தான் என்பதை யாராவது கவனித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு முகம். இரண்டு கட்டை உருட்டினால் 16 விதம். தாயம் விழ 16-ல் 2. மூன்று விழ 16-ல் 4. ஆறு விழ ஒன்று, பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) விழ ஒன்று. பாட்டிக்கு நிகழ்தகவு என்ற வார்த்தை தெரியாது. ஆனால் மூன்றை நம்பி ஒரு காயை நிறுத்தலாம், பன்னிரண்டை நம்பி நிறுத்தக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எந்த விதியும், அதை எழுதியவர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அது சரியாக இருக்கட்டும் என்கிறேன். உங்கள் இரண்டாவது வார விதியில் சிப்பாயும் கர்னலும் சமையல்காரரும் ஒரே டைஸ்தானே போட்டார்கள்?


சலங்கை | திங்கள், காலை 9.02

நான் அணைக்கட்டுப் பக்கம். மூன்று வருஷமாக ஊர்ப் பசங்களை வைத்து ஆட்டம் நடத்துகிறேன். புத்தகம் வாங்க வசதி இல்லை, அதனால் விதி எல்லாம் நாங்களே எழுதினது.

தை மாதம் எங்கள் பக்கம் மாடு விடும் விழா நடக்கும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு வேறு, இது வேறு. இங்கே யாரும் மாட்டை அணைவதில்லை. இரண்டு பக்கமும் கட்டை கட்டின பாதையில் மாடு ஓட வேண்டும், குறைந்த நேரத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டின மாட்டுக்குப் பரிசு. இதை ஆட்டத்தில் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் மாட்டின் எடை, வேகம், தீனி, பாதையின் நீளம் எல்லாவற்றுக்கும் எண் போட்டேன். பசங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

அப்புறம் நானே பாதையோரம் நின்ற நாளை நினைத்துப் பார்த்தேன். தூரத்தில் சத்தம் எழும். மாடு கண்ணுக்குத் தெரியாது, முன்னால் நிற்கிற ஆட்கள் இரண்டாகப் பிளப்பதுதான் தெரியும். அந்த நேரத்தில் என் மனசில் மாட்டின் எடை இல்லை. இப்போது ஏறிவிடலாமா, இன்னும் ஒரு நொடி நிற்கலாமா, அது ஒன்றுதான் இருந்தது. அதையே விதியாக்கினேன். பாதைக்குள் நிற்கிறவர் "நிற்கிறேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் கையில் ஒரு டைஸ் கூடுதலாக வரும், அதுதான் அவருக்கு ஊரில் கிடைக்கும் பேர். கையில் உள்ள எல்லாவற்றையும் உருட்ட வேண்டும், எதிலாவது 1 விழுந்தால் மாடு இடித்துவிட்டது. எடையும் இல்லை, வேகமும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பையன் நான்கு டைஸைக் கையில் வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றான். உள்ளங்கை வேர்த்து, டைஸைக் கீழே வைத்துச் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். அவன் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விதி எவ்வளவு பெரிசு, சிறிசு என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்த இடத்தில் நிற்கிற ஆள் எதை நினைத்துத் தவிப்பானோ அதையே நினைத்து மேஜையில் இருக்கிறவனும் தவிக்கிறானா? அதை மட்டும்தான் நான் பார்ப்பேன்.


பழையவிதி | திங்கள், மதியம் 1.30

தம்பிகளுக்கு வணக்கம். நான் இந்த ஆட்டங்களை 1990-களில் இருந்து ஆடுகிறேன். நிஜமா, வேகமா என்ற இந்தச் சண்டை இந்த ஆட்டங்களை விடப் பழசு என்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடத்தின் மேல் ஆடும் போர்ப் பயிற்சி ஆட்டத்தைக் கொண்டுவந்தார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பேர். எந்தத் தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று அட்டவணை, டைஸ், நடுவர் எல்லாம் உண்டு. பொழுதுபோக்குக்காக அல்ல, அதிகாரிகளைப் பழக்குவதற்காக. ஆக நிஜத்தைப் பற்றி அவர்களை விட அக்கறை உள்ளவர்கள் யாரும் இருக்க முடியாது. ஆனால் நாளாக நாளாக அட்டவணை பார்த்துக் கணக்குப் போடுவதே பெரும் வேலையாகிவிட்டது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல், அட்டவணையை ஒதுக்கிவிட்டு அனுபவம் உள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். விதிகளைத் தளர்த்தினவரும் நிஜத்துக்காகத்தான் தளர்த்தினார் என்பதைக் கவனியுங்கள். களத்தில் நிற்கிற தளபதிக்கு அட்டவணை பார்க்க நேரம் கிடையாது, சட்டென்று முடிவெடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து நம் ஆட்டங்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டி அண்ட் டி வெளியிட்டார்கள். ஹிட் பாயின்ட் (ஓர் ஆள் எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்) என்பதைக் கப்பல் சண்டை விதிகளில் இருந்து எடுத்ததாக ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு அது பொருந்தும். குண்டு பட்டுக்கொண்டே மிதக்கும், ஒரு கட்டத்தில் மூழ்கும். மனுஷனுக்குப் பொருந்துமா என்று அப்போதே கேட்டார்கள். 1979-ல் ஆட்டம் நடத்துபவர்களுக்கான கையேட்டில் கைகாக்ஸே இதற்கு விளக்கம் எழுதினார். அது வெறும் உடம்பின் பலம் அல்ல, திறமை, அதிர்ஷ்டம், தெய்வ கடாட்சம் எல்லாம் கலந்தது என்றார்.

ஆனால் ஹிட் பாயின்ட் எல்லோருக்கும் போதவில்லை. அந்த விளக்கத்துக்கு முந்தின வருஷமே, 1978-ல், ரூன்க்வெஸ்ட் என்ற ஆட்டம் வந்தது. அதை எழுதிய ஸ்டீவ் பெரின் கவசம் மாட்டிக்கொண்டு சண்டை பழகும் ஒரு குழுவில் இருந்தவர். அடி எங்கே பட்டது என்று டைஸ் போடு, தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று ஏழு இடம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. கையில் அடிபட்டால் கைதான் போகும். அப்புறம் ரோல்மாஸ்டர் வந்தது, ஆயுதத்துக்கு ஆயுதம் தனி அட்டவணை.

டர்ன் நீளத்தையும் பாருங்கள். பழைய டி அண்ட் டியில் ஒரு சுற்று ஒரு நிமிஷம். 2000-க்குப் பிறகு ஆறு செகண்ட். ரூன்க்வெஸ்டில் பன்னிரண்டு. கர்ப்ஸில் ஒன்று. மனுஷன் சண்டை போடும் வேகம் அதேதான், நேரத்தைக் கத்தரிப்பதுதான் மாறுகிறது. கோட்டைமேட்டான் தம்பியின் பிரச்சினைக்கு இங்கேதான் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பழைய ஒரு நிமிஷச் சுற்றில் உங்கள் ஆள் மூன்று முறை சுட்டிருப்பார், கெட்டிப்பது என்பதே ஆட்டத்தில் வந்திருக்காது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டவணை பார்ப்பதில் நிஜமாகவே சந்தோஷம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இருந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் பெட்ரூம் விளக்கடியில் ரோல்மாஸ்டர் பக்கங்களைப் புரட்டியது என் இளமையின் நல்ல நினைவுகளில் ஒன்று. அந்த ருசியைக் குறைத்துப் பேச வேண்டாம்.


ஆவாரம்பட்டை | திங்கள், மாலை 6.48

ராணிப்பேட்டை. அப்பா, தாத்தா எல்லோருமே தோல் வேலை. டி அண்ட் டியில் என்னை உறுத்துவது துப்பாக்கி இல்லை, லெதர் ஆர்மர்.

தோல் என்று ஒரு பொருள் கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தின தோல் ஒன்று. குரோம் போட்ட தோல் வேறு, செருப்பு மேல்பாகத்துக்குப் போகிற மெல்லிசு அது. கவசத்துக்கு வேண்டியது பட்டையில் பதப்பட்ட தடித்த தோல், அதையும் சூடான தண்ணீரிலோ மெழுகிலோ போட்டு இறுக்க வேண்டும். இறுகிவிட்டால் பலகை மாதிரி, தட்டினால் சத்தம் வரும். உடம்போடு மடிகிற ஜாக்கெட் மாதிரி படத்தில் வரைகிறார்களே, அது கத்தியை நிறுத்தாது. லெதருக்குத் தற்காப்பு எண் 11, குமிழ் ஆணி அடித்த லெதருக்கு 12 என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆணி அடித்த கவசம் வரலாற்றில் இருந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. துணிக்கோ தோலுக்கோ உள்பக்கமாக இரும்புத் தகடு வைத்து ஆணி அடித்துப் பொருத்தின கவசம் இருந்தது, வெளியே ஆணித்தலை மட்டும் தெரியும். படத்தைப் பார்த்தவர்கள் ஆணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, இதெல்லாம் விதியில் வர வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனக்கு அந்த எண் 11 இருந்தாலும் 12 இருந்தாலும் ஒன்றுதான். ஆட்டத்தில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, ஜி.எம். (ஆட்டம் நடத்துபவர்) "மழையில் நனைந்த தோல், தோளில் இரண்டு மடங்காகக் கனக்கிறது, நாற்றம் எடுக்கிறது, காயும்போது இறுகிக் கக்கத்தை அறுக்கிறது" என்று சொன்னால் போதும். கழற்றுவதா, போட்டுக்கொண்டே நடப்பதா என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். தோல் தெரிந்தவர் சொல்வதற்கும் தெரியாதவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் விதியில் வராது, வாயில்தான் வரும்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து ஆற்காட்டில் 1751-ல் ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. கிளைவ் உள்ளே, சந்தா சாகிபின் மகன் வெளியே. சோறு குறைந்தபோது உள்ளே இருந்த சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவு வரும். கதை முழு உண்மையோ, கூட்டிச் சொன்னதோ, விடுங்கள். அதை ஆட்டமாக ஆடினால், ஆளுக்கு எத்தனை படி அரிசி, எத்தனை நாள் என்று ஒருத்தர் கணக்கு எழுதுவார். ஆனால் இன்றைக்கு யார் சோறு, யார் கஞ்சி என்று தினமும் ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால்தான் முற்றுகை மேஜைக்கு வரும்.


தாயக்கட்டை | திங்கள், இரவு 10.20

ஆவாரம்பட்டை அண்ணா, நனைந்த தோல் பற்றி நீங்கள் எழுதினதைப் படித்ததும் எனக்கே தோள் அரித்தது. ஆனால் ஒரு சந்தேகம். எல்லா மேஜையிலும் தோல் தெரிந்த ஜி.எம். கிடைப்பாரா? தெரியாதவருக்குத் துணை வேண்டாமா? பழையவிதி சார் சொன்ன பிரஷ்யக்காரர்களிடம் போருக்குப் போய் வந்த நடுவர்கள் இருந்தார்கள். நம்மிடம் யார் இருக்கிறார்? சினிமா பார்த்த நடுவர்தான். அவர் "தோன்றினதைச்" சொன்னால் சினிமாதான் வரும். கோட்டைமேட்டான் அண்ணாவின் இரண்டாவது வாரத்தில் வந்தது போல.

தோட்டா விஷயமும் இதுதான். பிளாக் ஹேக் என்ற ஆட்டத்தில் அம்பை எண்ண மாட்டார்கள். அதற்கு ஒரு டைஸ். சண்டை முடிந்ததும் உருட்ட வேண்டும், 1 அல்லது 2 விழுந்தால் அடுத்த சின்ன டைஸுக்கு இறங்கும். பன்னிரண்டு முகம், பத்து, எட்டு, ஆறு, நாலு, அப்புறம் காலி. அழகான விதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1806-ல் கோட்டை மதில் மேல் ஒதுங்கின ஆங்கிலேயச் சிப்பாய்கள் தோட்டா தீர்ந்து நின்றார்கள் என்பது வரலாறு. அந்தக் காட்சியை ஆடும்போது நான் ஒவ்வொரு தோட்டாவையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வர விரும்புகிறேன். கடைசிக் கோடு அடிக்கும் கை என்னுடையதாக இருக்க வேண்டும். திடீரென்று டைஸ் "உன்னிடம் ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அது என் தப்பும் இல்லை, என் முடிவும் இல்லை.


நைட்_டூட்டி | செவ்வாய், காலை 5.10

கோட்டைமேட்டான் மாடியில் ஆடுகிற ஐந்து பேரில் நானும் ஒருத்தி. நர்ஸ் வேலை, டூட்டி முடிகிற நேரம் இது. காயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஹிட் பாயின்ட் பொய் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சரி. ஆனால் ஏழு இடம், தனித் தனி எண் என்பதும் அதே அளவு பொய்தான். இரண்டிலும் ஆட்டக்காரருக்குத் தன் நிலைமை துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. "எனக்கு இன்னும் நாலு இருக்கிறது, ஒரு அடி தாங்குவேன்."

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், சில வருஷத்துக்கு முன் பார்த்தது. பைக்கில் விழுந்தவர், தானே நடந்து உள்ளே வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, வீட்டுக்குப் போன் போட்டு "ஒன்றும் இல்லை, வந்துவிடுகிறேன்" என்று சொன்னார். முகம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. நாடி பிடித்தால் வேகமாக ஓடுகிறது, விரல் நுனி சில்லென்று இருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். பக்கத்துக் கட்டிலில் நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தமாகக் கத்திக்கொண்டிருந்தவர் தையல் போட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போனார்.

அடிபட்டவருக்குத் தன் காயம் தெரியாது. அதுதான் காயத்தின் நிஜம். 1806-க்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது. சண்டையில் தப்பினவன் பத்து நாள் கழித்துச் சீழ் பிடித்துப் போவான்.

அதனால் நான் கேட்கிற விதி சின்னது. அடிபட்டால் எண்ணைச் சொல்லாதீர்கள், என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள். "விலாவில் பட்டது, சூடாக இருக்கிறது, நிற்க முடிகிறது." டைஸை ஜி.எம். சண்டை முடிந்ததும் மறைத்து உருட்டட்டும். யாராவது உட்கார்ந்து அந்த ஆளின் கையைப் பிடித்துப் பார்த்தால்தான் பதில் சொல்ல வேண்டும். இது சுருக்கமான விதியா, நிஜமான விதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.


கோட்டைமேட்டான் | செவ்வாய், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு வேலை முடிந்து கோட்டைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வாசல் வழியாக உள்ளே போகிறபோதுதான் ஒன்று உறைத்தது.

நான் இவ்வளவு நாள் துப்பாக்கியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு விஷயம் முடிந்தது துப்பாக்கியில் இல்லை. சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறிவிட்டது. ஆனால் வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குத் தகவல் கொண்டுபோனார். அங்கிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பினார், ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சுமார் இருபது பேரோடு அவர் மற்றவர்களை முந்திக்கொண்டு வந்து, மேலே இருந்தவர்கள் இறக்கின கயிற்றைப் பிடித்து மதிலில் ஏறினார். பின்னால் வந்த படை பீரங்கியால் கதவை உடைத்தது. அன்றைக்கே எல்லாம் முடிந்தது, சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

அப்படியென்றால் உள்ளே இருந்த சிப்பாய்க்கு அந்த இரவின் கேள்வி என்ன? விடிவதற்குள் வாசலை யார் காப்பது, மதிலில் மிச்சம் இருப்பவர்களை யார் கவனிப்பது, இவ்வளவு நாள் அவமானப்பட்டவன் கோபத்தோடு வீடு வீடாகப் போகும்போது அவனை யார் கூப்பிட்டு நிறுத்துவது? என் முதல் விதி கம்பியால் இடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டது, வாசலைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டாவது விதியிலும் கிடையாது. இரண்டுமே ஒரே தப்பைத்தான் செய்தன.

தாயக்கட்டை தம்பி சொன்னதையும் விட மாட்டேன். கணக்கு வேண்டும். ஆனால் அதை நான் சனிக்கிழமை ராத்திரி என் நோட்டில் போட்டு முடித்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு விடை மட்டும் வர வேண்டும். பழையவிதி சார் டர்ன் நீளம் பற்றி எழுதினது இங்கேதான் உதவியது. ஒரு டர்ன் என்றால் இருபது செகண்ட், அதாவது ஒரு முறை மருந்து கெட்டிக்கும் நேரம். சுட்டாயிற்று, துப்பாக்கி காலி. இந்த டர்ன் குனிந்து கெட்டிக்கிறாயா, பயோனெட்டோடு ஓடுகிறாயா, பின்வாங்குகிறாயா? முதல் வாரம் இருபது முறை சொன்ன "கெட்டிக்கிறேன்" இனி ஒரே முறை, ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எதிரி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்று நான் சொல்லிவிடுவேன்.

உருட்டுவதற்குத் தாயக்கட்டையே வைக்கப்போகிறேன். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் பட்டது. மறுபடி போட வைக்கிற எண்கள் என்பதால் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 16-ல் 6. முற்றத்துக்குள் கிட்டத்தில் இருட்டில் சுடுவதற்கு அது போதும் என்று நினைக்கிறேன், தம்பி சரிபார்க்கவும்.


தாயக்கட்டை | செவ்வாய், இரவு 10.31

37.5 சதவீதம். கிட்டத்தில் சரி. நூறு மீட்டருக்கு அப்பால் ஓர் ஆளை மஸ்கட்டால் குறிவைத்து அடிப்பது ரொம்பக் கஷ்டம், அங்கே தாயம் மட்டும் என்று வையுங்கள், 12.5. பழகினவருக்கும் பழகாதவருக்கும் என்ன வித்தியாசம்? பழகினவர் ஒரு முறை மட்டும் மறுபடி உருட்டலாம் என்றால் கிட்டத்தில் 61 சதவீதத்துக்குப் போய்விடும், அது அதிகம். பழகினவருக்கு மருந்து கெட்டிக்க ஒரு டர்ன், பழகாதவருக்கு இரண்டு என்று வைத்தால் போதும், அதுதான் உண்மையும் கூட. கவாத்து வேகத்தைத்தான் கற்றுக்கொடுத்தது.

தோட்டாவை எண்ணுவதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் அண்ணா.


கோட்டைமேட்டான் | ஞாயிறு, இரவு 11.58

ஆடி முடித்து இப்போதுதான் எல்லோரும் கிளம்பினார்கள். சூடு குறையாததால் மாடித் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தோம். பித்தளைக் கட்டை சிமென்ட்டில் உருளும் சத்தம் இருட்டில் நன்றாகவே கேட்டது.

போன மாதம் போனைக் கையில் எடுத்தாரே, அவர்தான் இன்றைக்கு முதலில் சுட்டார். பட்டது. எதிரில் இருவர் பதினைந்து அடியில் வருகிறார்கள் என்றேன். கெட்டிக்கிறாயா, ஓடுகிறாயா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையில் கட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நான் சுடப் போகவில்லை, வாசலுக்கு ஓடுகிறேன். யார் என்னோடு வருகிறீர்கள்?" என்றார். இருவர் வந்தார்கள். ஒருத்தர் வரவில்லை. அவருடைய ஆளுக்கு அதிகாரி வீட்டில் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது. அதைப் பற்றி அரை மணி நேரம் வாக்குவாதம். மேஜையில் கத்தினது எல்லாம் சிப்பாய்கள், ஆட்டக்காரர்கள் இல்லை.

தோட்டாவை எண்ணினோம், பென்சிலால்தான். தம்பி சொன்னது சரி. கடைசி இரண்டு கோடு வந்ததும் யாரும் சும்மா சுடவில்லை.

காய விதி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. வாசலுக்குப் போன மூவரில் ஒருவருக்கு விலாவில் பட்டது. மறைத்து உருட்டி வைத்திருக்கிறேன். சண்டை முடிந்தபின் அவர் கையைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, விடிகிற நேரத்தில் நிறுத்திவிட்டோம். அவருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாரம் இதை வைத்துக்கொண்டு இருப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது.


நைட்_டூட்டி | திங்கள், காலை 4.47

விலாவில் பட்டது என் ஆள். அடுத்த ஞாயிறு முதல் வேலையாக யாராவது என் கையைப் பிடியுங்கள்.


ஆவாரம்பட்டை | திங்கள், காலை 8.05

ராணிப்பேட்டையில் இருந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறினால் ஏழு மணிக்கு உங்கள் மாடியில் இருப்பேன். ஒரு சிப்பாய்க்கு இடம் இருக்கிறதா? அந்தத் தலைப்பாகையின் தோல் பட்டையை ஒரு முறை நெற்றியில் கட்டிப் பார்க்கட்டும் எல்லோரும், ஒரு துண்டு கொண்டுவருகிறேன்.